கேமரா அங்கே, விரல் இங்கே: ஐஎஸ்ஓ, லைவ் வியூ கேள்வி–பதில்

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, லேப்டாப்பிலோ மொபைலிலோ இருந்து இயக்குபவர்களின் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றிக் காட்டுகிறது என்ற எண். லைவ் வியூ என்பது படம் எடுக்கும் முன்பே கேமரா பார்க்கும் காட்சியைத் திரையில் ஓடவிடுவது. மெனு இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் அமைப்பின் பெயரைச் சொல்கிறோம். எத்தனையாவது பக்கம் என்பதை உங்கள் கேமராவில் தேடிக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வாசகர்: கேனான் 80டி-யில் டி-ஷர்ட் படங்கள் எடுக்கிறோம். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, கேனானின் இஓஎஸ் யுடிலிட்டி மென்பொருள் மூலம் இயக்குகிறோம். இரண்டு ஸ்டுடியோ ஃப்ளாஷ், கேமரா தலைமேல் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட்ஷூவில், அவற்றை வெடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிகர். எம் (மேனுவல்) மோடில் ஷட்டர் 1/125 நொடி, அபெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. லைவ் வியூ கும்மிருட்டாக இருக்கிறது, படம் மட்டும் சரியாக விழுகிறது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினால் லைவ் வியூவில் துணி தெரிகிறது. ஆனால் படம் வெள்ளை வெளேரென்று போய்விடுகிறது. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். கேமரா பொய் சொல்லவில்லை. '1/125, எஃப் 8, ஐஎஸ்ஓ 100-இல் இந்த அறை வெளிச்சத்தை வைத்துப் படமெடுத்தால் இப்படித்தான் இருக்கும்' என்று காட்டுகிறது. ஃப்ளாஷ் வெடிப்பது ஷட்டர் விழும் அந்த ஒரு கணத்தில்தான். லைவ் வியூ ஓடும்போது துணிமேல் விழுவது மாடலிங் லைட்டும் டியூப் லைட்டும் மட்டுமே. ஐஎஸ்ஓ 100-இலிருந்து 3200 என்பது 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு), அதாவது 32 மடங்கு. லைவ் வியூ பிழைத்தது; ஃப்ளாஷ் வெளிச்சம் அதே 32 மடங்கு ஏறிப் படம் வெந்துபோனது.

கேமரா மெனுவில் லைவ் வியூ அமைப்புகள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். 'எக்ஸ்போ சிமுலேஷன்' என்று ஒரு வரி இருக்கும். எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை லைவ் வியூவில் முன்கூட்டிக் காட்டுவது அதுதான். அது 'எனேபிள்' என்று இருந்தால் 'டிஸேபிள்' ஆக்குங்கள். இனி ஐஎஸ்ஓ, ஷட்டர், அபெர்ச்சர் எதுவாக இருந்தாலும் லைவ் வியூ பார்க்கிற வெளிச்சத்தில் வரும். ஐஎஸ்ஓ 100-லேயே இருக்கட்டும்.

கேனானின் சொந்த ஃப்ளாஷை மாட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதன் அடியில் இருக்கும் சிறிய முனைகள் வழியே 'நான் வந்திருக்கிறேன்' என்று கேமராவுக்குத் தகவல் போய்விடும். கேமராவும் சிமுலேஷனைத் தானே நிறுத்திக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு முனை உள்ள சாதாரண ட்ரிகருக்கு அந்தப் பேச்சு வராது. ஃப்ளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

மற்ற கம்பெனிகளிலும் இதே சங்கதிதான், பெயர்தான் வேறு. சோனியில் 'லைவ் வியூ டிஸ்ப்ளே' என்பதை 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்' ஆக்க வேண்டும். ஃபுஜியில் 'ப்ரிவியூ எக்ஸ்போஷர் இன் மேனுவல் மோட்' என்ற ரீதியில் வரும் வரியை ஆஃப் செய்ய வேண்டும். நிக்கான் இசட் வரிசையின் முதல் மாடல்களில் கஸ்டம் செட்டிங்ஸில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ' என்று இருக்கும். மெனுவில் இந்த வரியே இல்லாத மாடல் என்றால், ஃபிரேம் வைத்து ஃபோகஸ் செய்யும்வரை ஏவி மோடில் (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா கணக்கிடும் மோட்) இருந்துவிட்டு, எடுக்கும்போது எம்-முக்கு வாருங்கள். கொஞ்சம் அலுப்பான வழி, ஆனால் வேலை நடக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிமுலேஷனை நிறுத்தியபின் லைவ் வியூவின் வெளிச்சத்தையோ அதில் தெரியும் ஹிஸ்டோகிராமையோ (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நம்பி எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முடிவு செய்யக்கூடாது. ஒரு படம் எடுத்து, அந்தப் படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். லைவ் வியூவில் எடுக்கும்போது ஃப்ளாஷே வெடிக்கவில்லை, வியூஃபைண்டரில் எடுத்தால் வெடிக்கிறது என்றால், ட்ரிகர் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட வேண்டாம். 'சைலன்ட் எல்வி ஷூட்டிங்' என்பது 'மோட் 1' அல்லது 'மோட் 2'-வில் இருக்கும். கேனான் அல்லாத ஃப்ளாஷ்கள் அந்த இரண்டிலும் வெடிக்காது. அதையும் 'டிஸேபிள்' ஆக்குங்கள்.

சுவாமிமலை வாசகர்: வெண்கலச் சிலைகளை விற்பனைக்காகப் படமெடுக்கிறேன், கேமரா கேனான். லேப்டாப்பில் ஐஎஸ்ஓ பட்டியலைத் திறந்தால் 200-இலிருந்துதான் தொடங்குகிறது. 100 காணோம். 250, 320 போன்ற இடை எண்களும் இல்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன்.

மென்பொருள்மீது பழி போடாதீர்கள். லேப்டாப்பில் தெரியும் பட்டியல் லேப்டாப்பின் சொந்தச் சரக்கு அல்ல. 'இப்போது எந்தெந்த ஐஎஸ்ஓ வைக்கலாம்?' என்று அது கேமராவைக் கேட்கிறது. கேமரா கொடுக்கிற பட்டியலை அப்படியே காட்டுகிறது. கேமரா மறைத்ததை லேப்டாப் காட்டாது.

100 காணாமல் போனதற்குக் காரணம், பெரும்பாலும் 'ஹைலைட் டோன் ப்ரையாரிட்டி'. கேமரா திரையில் 'டி+' என்று சின்னதாக ஒரு குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான். வெண்கலத்தின் மினுமினுப்பு வெளுத்துப் போகாமல் இருக்க யாரோ சொல்லி ஆன் செய்திருப்பீர்கள். அந்த வசதி உள்ளுக்குள் படத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்து, இருண்ட பகுதிகளை ஏற்றித் தருகிறது. அதற்கு இடம் வேண்டும் என்பதால் 100-ஐப் பூட்டிவிடுகிறது. ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத் தேவையே இல்லை. அணைத்துவிடுங்கள். சிலையின் பளபளப்பை அடக்க, லைட்டுக்கு முன்னால் ஒரு ட்ரேசிங் பேப்பரைக் கட்டுவது எந்த மெனுவையும்விட நன்றாக வேலை செய்யும்.

இடை எண்கள் காணாமல் போனது வேறு காரணம். கஸ்டம் ஃபங்ஷன்ஸில் ஐஎஸ்ஓ படியளவு '1 ஸ்டாப்' என்று இருக்கிறது. '1/3 ஸ்டாப்' ஆக்கினால் 125, 160, 250, 320 எல்லாம் திரும்பிவிடும். மாற்றியபின் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். சில மென்பொருள்கள் இணைக்கும்போது வாங்கிய பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஃபுஜி வைத்திருப்பவர்களுக்கு இதே நோய் 'டைனமிக் ரேஞ்ச்' (டிஆர்) வழியாக வரும். எக்ஸ்-டி3-இல் அடிப்படை ஐஎஸ்ஓ 160. டிஆர் 200 வைத்தால் 320-க்குக் கீழே போகாது, டிஆர் 400 வைத்தால் 640-க்குக் கீழே போகாது.

சேலம் வாசகர்: வெள்ளிக் கொலுசு படங்கள். நிக்கான் டி7200, டிஜிகேம்கண்ட்ரோல் மென்பொருள். எம் மோடில் ஐஎஸ்ஓ 100 என்று வைக்கிறேன். எடுத்த படங்களில் ஒன்றில் 640, இன்னொன்றில் 1100 என்று இருக்கிறது. 1100 என்ற எண்ணே பட்டியலில் இல்லையே?

அந்த 1100-தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. பட்டியலில் இல்லாத எண் படத் தகவலில் வந்தால் அது ஆட்டோ ஐஎஸ்ஓவின் கைவரிசை. நிக்கானில் ஆட்டோ ஐஎஸ்ஓ ஆன் ஆகியிருந்தால், நீங்கள் வைக்கும் 100 என்பது கட்டளை அல்ல. 'இதற்குக் கீழே போகாதே' என்ற அளவுதான். எம் மோடாக இருந்தாலும் கேமரா தன் கணக்குப்படி ஏற்றிக்கொள்ளும்.

ஃபோட்டோ ஷூட்டிங் மெனுவில் 'ஐஎஸ்ஓ சென்சிட்டிவிட்டி செட்டிங்ஸ்' உள்ளே போய் ஆட்டோ கண்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். நான் ஆன் செய்யவே இல்லையே என்பீர்கள். டி7200-இல் ஐஎஸ்ஓ பொத்தானை அழுத்திக்கொண்டு முன்பக்கச் சக்கரத்தைத் திருப்பினால் ஆட்டோ ஆன், ஆஃப் ஆகும். பின்சக்கரம் எண்ணை மாற்றும். கை தவறி முன்சக்கரம் சுற்றியிருக்கும்.

வேலூர் வாசகர்: கேனானில் சி1 மோட். லேப்டாப்பில் ஐஎஸ்ஓவை 100-க்கு மாற்றி வேலை பார்க்கிறேன். டீ குடித்துவிட்டு வந்தால் பழையபடி 400.

சி1 என்பது சேமித்து வைத்த ஒரு தொகுப்பு. நீங்கள் டீ குடிக்கப் போனபோது கேமரா 'ஆட்டோ பவர் ஆஃப்' ஆகித் தூங்கிவிட்டது. விழித்ததும் சேமித்த தொகுப்பையே எடுத்து விரித்தது. மூன்று வழிகள் உண்டு: எம் மோடுக்கு மாறுங்கள், அல்லது 100 வைத்துச் சி1-ஐ மறுபடி பதிவு செய்யுங்கள், அல்லது சி1 அமைப்பிலேயே இருக்கும் 'ஆட்டோ அப்டேட்'டை எனேபிள் ஆக்குங்கள். எங்கள் ஓட்டு முதலாவதற்கு. ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு ஆட்டோ பவர் ஆஃபையும் அணைத்துவிடலாம்.

மதுரை வாசகி: நேற்றுவரை இஓஎஸ் யுடிலிட்டியில் லைவ் வியூ நன்றாக வந்தது. இன்று கேமராவே இணையவில்லை. இடையில் செய்தது ஒன்றுதான்: இதே கேமராவை ஆன்லைன் வகுப்புக்கு வெப்கேம் ஆகப் பயன்படுத்தினேன்.

விடையைக் கேள்வியிலேயே வைத்துவிட்டீர்கள். யூஎஸ்பியில் ஒரு கேமரா ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளோடுதான் பேசும். வெப்கேம் மென்பொருளும், அதைப் பயன்படுத்தும் வகுப்புச் செயலியும் பின்னணியில் இன்னும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சன்னலை மூடினால் மட்டும் போதாது. திரையின் கீழ்மூலையில் உள்ள சின்னங்களில் இருந்தும் முழுதாக வெளியேறி, கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். மேக்கில் ஃபோட்டோஸ், இமேஜ் கேப்சர் இரண்டும் இப்படிக் குறுக்கே வரும். லினக்ஸில் கோப்பு மேலாளரே கேமராவை ஒரு டிரைவ் மாதிரி திறந்து வைத்துக்கொள்ளும். அங்கே 'அன்மவுண்ட்' செய்தபின்தான் மற்ற மென்பொருளுக்கு வழி கிடைக்கும்.

அப்படியும் வரவில்லையா? கேபிளைச் செருகியதும் லேப்டாப் 'டிங்' என்று ஒலி எழுப்புகிறதா என்று கவனியுங்கள். ஒலி இல்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜருக்கென்று விற்கும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போகும் இரண்டு கம்பிகள் இருக்காது. முனை பொருந்தும், கேமரா தெரியாது. நீளமும் முக்கியம். யூஎஸ்பி 2.0-க்குக் கேபிள் வரம்பு 5 மீட்டர். அதற்குமேல் வேண்டுமென்றால் நடுவில் சிக்னலை ஏற்றித் தரும் ஆக்டிவ் கேபிள்தான் வாங்க வேண்டும். இரண்டு சாதாரணக் கேபிள்களை ஒட்டுப்போட்டால் ஐஎஸ்ஓ மாறும், ஷட்டர்கூட விழும், லைவ் வியூ மட்டும் திக்கித் திணறும். ஐஎஸ்ஓ மாற்றுவது ஒரு துளித் தகவல். லைவ் வியூவோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் படங்களின் ஓட்டம். பலவீனமான கேபிள் முதலில் தோற்பது அங்கேதான்.

வைஃபை உள்ள கேனான் டிஎஸ்எல்ஆர்களில் இன்னொரு பூட்டும் உண்டு. 6டி, 70டி, 80டி போன்றவற்றில் வைஃபை 'எனேபிள்' என்று இருந்தால் யூஎஸ்பி இணைப்பு கிடைக்காது. மொபைலில் இணைத்துப் பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். கேபிள் என்றால் வைஃபை ஆஃப்.

கொடைக்கானல் வாசகர்: பால்வெளிப் படம் எடுக்க கேனான் 6டி, மொபைலில் கேனானின் கேமரா கனெக்ட் செயலி. 20 நொடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200. மொபைல் திரை முழுக்கக் கறுப்பு. எங்கே ஃபோகஸ் செய்வது? ஒரு படம் எடுத்தால் அடுத்த 20 நொடி செயலி உறைந்துவிடுகிறது. சில நேரம் இணைப்பே போய்விடுகிறது.

மூன்று சிக்கல்களுக்கும் காரணம் வெவ்வேறு.

கறுப்புத் திரையில் தொடங்குவோம். லைவ் வியூ என்பது நொடிக்கு ஏறக்குறைய 30 படங்களின் ஓட்டம். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் வெளிச்ச நேரம் அதிகபட்சம் 1/30 நொடி. நீங்கள் எடுக்கப்போகும் படத்துக்கோ 20 நொடி, அதாவது 600 மடங்கு. கேமரா எவ்வளவு முயன்றாலும் அந்தப் படத்தை முன்கூட்டிக் காட்ட முடியாது. அதனால்தான் திரையில் 'எக்ஸ்ப் சிம்' (எக்ஸ்போஷர் சிமுலேஷன்) குறி கண் சிமிட்டும்: 'இப்போது நான் காட்டுவதை நம்பாதே' என்று அதற்கு அர்த்தம்.

ஃபோகஸ் வேலையை மொபைலில் செய்யாதீர்கள். செயலியை இணைக்கும் முன்பே கேமராவின் சொந்தத் திரையில் முடித்துவிடுங்கள். லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளுங்கள். எக்ஸ்போஷர் சிமுலேஷன் 'எனேபிள்' என்றே இருக்கட்டும். திருப்பூர் வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறு. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஷட்டரை 30 நொடிக்கு, ஐஎஸ்ஓவைத் தற்காலிகமாக 12800-க்கு ஏற்றுங்கள். திரை புழுதி பறந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும், பரவாயில்லை. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவாருங்கள். பால்வெளியின் மையம் எழும் மாதங்களில் கேட்டை நட்சத்திரம் பக்கத்திலேயே சிவந்து நிற்கும். ஆண்டுத் தொடக்கம் என்றால் சிரியஸ், அல்லது தெற்கே அகத்திய நட்சத்திரம். உருப்பெருக்கிப் பொத்தானை 10 மடங்குவரை அழுத்தி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். புள்ளி சுருங்கும், மிகச் சிறியதாகும், பிறகு மறுபடி ஊதும். ஊதத் தொடங்கியதும் ஒரு மயிரிழை திரும்பி வாருங்கள். அந்த இடத்தில் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 20. இந்தக் கடைசிப் படியை மறந்து இரவு முழுக்க 12800-இல் எடுத்துவிட்டு வீடு திரும்புவோர் உண்டு.

செயலி உறைவது பழுதல்ல. 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' ஆன் ஆகியிருக்கிறது. 20 நொடிப் படம் முடிந்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 20 நொடி வெற்றுப் படம் எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழித்து இரைச்சலை (படத்தில் விழும் புள்ளிச் சொரசொரப்பை) நீக்குகிறது. அது முடியும்வரை லைவ் வியூ திரும்பாது. ஒற்றைப் படம் என்றால் இருக்கட்டும். நட்சத்திரப் பாதைக்காக வரிசையாக எடுக்கிறீர்கள் என்றால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் பாதைகள் விட்டு விட்டு விழும்.

இணைப்பு போவதற்குக் காரணம் உங்கள் மொபைலின் புத்திசாலித்தனம். கேமராவின் வைஃபையில் இணையம் கிடையாது. மொபைல் அதைக் கண்டுபிடித்து, 'இங்கே நெட் இல்லை' என்று தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். 'இணையம் இல்லை, தொடரலாமா?' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியை அந்தச் செயலிக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

பல்ப் மோடில் (பொத்தானை விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் மோட்) எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் கேனான் டிஎஸ்எல்ஆர் பலவும் பல்பில் 400 என்று தாமாகவே நிலைநிறுத்திக்கொள்ளும். எண்ணை நீங்களே வையுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: அண்ணா கனடாவில் வாங்கி அனுப்பின கேனான். லேப்டாப்பில் லைவ் வியூ பார்க்கும்போது டியூப் லைட்டின் கீழ் கறுப்புக் கோடுகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன.

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. உங்கள் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கேமரா 60-இன் கணக்கில் படம் பிடிக்கிறது. தாளம் தப்பி, தப்பிய இடம் கோடாக ஓடுகிறது. செட்டப் மெனுவில் 'வீடியோ சிஸ்டம்' என்பதை 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான 'என்டிஎஸ்சி'-யிலிருந்து 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான 'பால்' (PAL) முறைக்கு மாற்றுங்கள். நிக்கானில் 'ஃப்ளிக்கர் ரிடக்ஷன் 50 ஹெர்ட்ஸ்'. எடுக்கும் படத்திலும் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தவிர்த்து மெக்கானிக்கலுக்கு வாருங்கள். மலிவு எல்இடி பல்புகளில் சில எதற்கும் மசியாது. பல்பை மாற்றுவதே மருந்து.

தூத்துக்குடி வாசகர்: நீண்ட நேரம் லைவ் வியூ ஓடினால் திரையில் தெர்மாமீட்டர் படம் வந்து, பிறகு நின்றுவிடுகிறது. பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது.

வெள்ளைத் தெர்மாமீட்டர் என்றால் சென்சார் சூடேறி, படத்தின் தரம் குறையலாம் என்று பொருள். சிவப்பு வந்தால் லைவ் வியூ சீக்கிரமே தானாக நிற்கப்போகிறது. சூட்டில் இரைச்சலும் கூடும், உயர்ந்த ஐஎஸ்ஓவில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபிரேம் வைக்கும்போது மட்டும் லைவ் வியூவைத் திறந்து, மற்ற நேரம் லேப்டாப்பில் மூடிவையுங்கள். பேட்டரி தீர்வதும் இயல்புதான்: 80டி-க்குக் கேனான் சொல்லும் கணக்கே வியூஃபைண்டரில் 960 படம், லைவ் வியூவில் 300. நாள் முழுக்க வேலை என்றால் பேட்டரி இடத்தில் செருகி நேராக மின்சாரத்தில் ஓட்டும் டம்மி பேட்டரி வாங்குங்கள், உங்கள் மாடலுக்கு உரிய வோல்ட் தானா என்று பார்த்து.

விருதுநகர் வாசகர்: ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 1600-க்கு மாற்றினாலும் லைவ் வியூ வெளிச்சம் அப்படியே இருக்கிறது. ஏவி மோட்.

ஏவி மோடில் நீங்கள் ஐஎஸ்ஓவை 16 மடங்கு ஏற்றினால் கேமரா ஷட்டர் நேரத்தை 16-இல் ஒன்றாகக் குறைத்துவிடும். கூட்டியதும் கழித்ததும் சரியாகப் போய்விட்டது. லேப்டாப் திரையில் ஐஎஸ்ஓவைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் ஷட்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள், அது ஓடுவது தெரியும்.